மருத்துவச் செலவை யார் கட்டுகிறார்கள்? நாடுகளை ஒப்பிட்டு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் பல வருடம் வேலை பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து லீவில் வருகிறவர்கள், கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் பிள்ளைகள் இருக்கிற ஈழத்துக் குடும்பங்கள், வெளிநாடே போகாமல் யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். கட்டணத் தொகைகள் வருடத்துக்கு வருடம் மாறும். முறை அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதனால் தொகையை விட முறையைக் கவனித்துப் படியுங்கள்.

1. லண்டன்ல ஆஸ்பத்திரி எல்லாமே ஃப்ரீயாமே, நிஜமாவா?

நிஜம்தான். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையை என்.எச்.எஸ். என்பார்கள். 1948 ஜூலை 5 அன்று, அனூரின் பெவன் சுகாதார அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. மருத்துவரைப் பார்க்க, பிரசவத்துக்கு, அறுவை சிகிச்சைக்கு, புற்றுநோய் வைத்தியத்துக்கு என எதற்கும் நோயாளி கவுண்டரில் பணம் கட்டுவதில்லை. செலவெல்லாம் பெரும்பாலும் வரிப்பணத்திலிருந்து போகிறது. வருமானம் உள்ளவர் அதற்கேற்ப வரி கட்டுகிறார், நோய் வந்தவர் சிகிச்சை பெறுகிறார். நீங்கள் எவ்வளவு கட்டினீர்கள் என்று மருத்துவமனையில் யாரும் கேட்க மாட்டார்கள்.

பல் வைத்தியத்துக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் உண்டு. இங்கிலாந்தில் சீட்டில் எழுதும் ஒவ்வொரு மருந்துக்கும் 2024 மே முதல் 9.90 பவுண்டு. 60 வயது ஆனவர்களுக்கும் 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கும் அதுவும் இல்லை. வேல்ஸ் 2007-லும், வட அயர்லாந்து 2010-லும், ஸ்காட்லாந்து 2011-லும் மருந்துக் கட்டணத்தை அடியோடு எடுத்துவிட்டன. ஒரே நாட்டுக்குள்ளேயே கொள்கை இப்படி மாறும்.

படிக்கவோ வேலைக்கோ ஆறு மாதத்துக்கு மேல் விசா எடுத்துப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விசா விண்ணப்பத்தோடு சுகாதாரக் கூடுதல் கட்டணம் என்று ஒன்று கட்ட வேண்டும். 2024 பிப்ரவரி முதல் பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776. விசாவில் எத்தனை வருடமோ அத்தனைக்கும் மொத்தமாக முன்கூட்டியே கட்டணும். "அங்க எல்லாம் இலவசம்" என்று சொல்லும் ஏஜென்ட் இதைச் சொன்னாரா என்று கேளுங்கள்.

2. அப்போ உலகத்துல மொத்தம் எத்தனை வகைதான் இருக்கு?

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தனி முறை உண்டு. ஆனாலும் பணம் வரும் வழியை வைத்துப் பார்த்தால் நாலுதான். வரிப்பணம், சம்பளத்தில் பிடிக்கும் காப்பீட்டுச் சந்தா, நாமே வாங்கும் தனியார் காப்பீடு, கையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் காசு. எந்த நாட்டிலும் இந்த நாலும் கலந்துதான் இருக்கும். பிரிட்டனிலும் இலங்கையிலும் முதலாவது ஓங்கி நிற்கிறது, ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இரண்டாவது. அமெரிக்காவில் மூன்றாவது அதிகம். இந்தியாவில் நாலாவது நீண்ட காலம் முதலிடத்தில் இருந்தது.

ஒரு நாட்டைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: பணம் நோய் வருவதற்கு முன்னால் கட்டப்படுகிறதா, வந்த பிறகா? முன்னால் கட்டினால், ஊரே சேர்ந்து கட்டுகிறது. பின்னால் கட்டினால், படுத்திருப்பவரின் குடும்பம் மட்டும் கட்டுகிறது. நகையை அடகு வைத்துவிட்டு வந்து என் மேசை முன் நின்றவர்கள் எல்லாரும் இந்த இரண்டாவது வகையில் மாட்டியவர்கள்.

3. ஜெர்மனியில இருக்கறது கவர்ன்மென்ட் இன்ஷூரன்ஸா, பிரைவேட்டா?

ரெண்டுக்கும் நடுவில். ஜெர்மனியின் சான்சலராக (பிரதமர் மாதிரி) இருந்த பிஸ்மார்க் காலத்தில், 1883-இல், தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் வந்தது. உலகத்தில் இந்த மாதிரிச் சட்டத்துக்கு அதுதான் முன்னோடி. சோஷலிஸ்டுகள் பக்கம் தொழிலாளர்கள் சாய்ந்துவிடக் கூடாது என்ற அரசியல் கணக்கும் அதில் இருந்தது. இன்றைக்கும் காப்பீட்டை அரசு நேராக நடத்துவதில்லை. சுமார் 90-க்கு மேற்பட்ட லாப நோக்கமற்ற நிதியங்கள் நடத்துகின்றன. மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேர் இவற்றில்தான் இருக்கிறார்கள். அதிகச் சம்பளக்காரர்களும் அரசு அதிகாரிகளும் தனியார் காப்பீட்டுக்குப் போகலாம்.

சந்தா சம்பளத்தில் 14.6 சதவீதம், அதற்கு மேல் நிதியத்துக்கு நிதியம் மாறும் ஒரு கூடுதல் தொகை. பாதி தொழிலாளி, பாதி முதலாளி. வருமானமில்லாத மனைவி அல்லது கணவனும் பிள்ளைகளும் தனிச் சந்தா இல்லாமலே சேர்ந்துவிடுவார்கள். மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் வருடத்துக்கு 28 நாள் வரைதான். நோய் பெரியதா சிறியதா என்பதை வைத்துச் சந்தா மாறுவதில்லை. அதுதான் இந்த முறையின் உயிர்.

4. மகன் சூரிச்ல இருக்கிறான். மாசாமாசம் இன்ஷூரன்ஸ் காசு வாடகை மாதிரிப் போகுதாம். அவ்வளவு பணக்கார நாட்டில ஏன் இப்படி?

சுவிட்சர்லாந்தில் காப்பீடு கட்டாயம். 1994-இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட சட்டம் 1996-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஜெர்மனி மாதிரிச் சம்பளத்துக்கு ஏற்ற சந்தா இங்கே கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். வங்கி மேலாளரும் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவரும் ஒரே மாநிலத்தில் ஒரே திட்டம் எடுத்தால் ஒரே தொகை. பிள்ளைகளுக்கும் தனித்தனியாகக் கட்டணும். நாலு பேர் குடும்பத்துக்கு அது கனக்கத்தான் செய்யும்.

இதில் இரண்டு விஷயத்தை உங்கள் மகன் பார்க்க வேண்டும். ஒன்று, வருடத்தில் முதலில் கையிலிருந்து கட்டும் தொகை. அங்கே ஃபிரான்ஷீஸ் என்பார்கள். பெரியவர்களுக்கு 300 ஃபிராங்க் முதல் 2,500 வரை நாமே தேர்ந்தெடுக்கலாம். கூட்டி வைத்தால் மாதத் தொகை குறையும். உடம்பு நன்றாக இருக்கிறவருக்கு அது லாபம், நாள்பட்ட நோய் உள்ளவருக்கு நஷ்டம். இரண்டு, வருமானம் குறைந்தவர்களுக்கு மாநில அரசு மாதத் தொகையில் ஒரு பகுதியைக் கொடுக்கிறது. பல மாநிலங்களில் இதற்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். தெரியாததால் விட்டுவிடுகிறவர்கள் நம் ஆட்களில் நிறைய.

இதை மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. ஒரே அரசு நிதியம் வேண்டுமா என்று 2014-இல் வாக்கெடுப்பு வைத்தார்கள், மக்கள் வேண்டாம் என்றார்கள். வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் காப்பீட்டுத் தொகை போகக் கூடாது என்ற யோசனை 2024 ஜூன் 9 அன்று வாக்குக்கு வந்தது, அதுவும் தோற்றது. அங்கே குடியுரிமை உள்ளவர்கள் வாக்களித்தே இதை வைத்திருக்கிறார்கள். குடியுரிமை இல்லாத நம் ஆட்கள் அதே தொகையைக் கட்டுகிறார்கள், வாக்கு மட்டும் இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

5. அமெரிக்கா உலகத்துலயே பணக்கார நாடு. அங்க மட்டும் ஏன் கவர்ன்மென்ட் எல்லாருக்கும் குடுக்கல?

பணம் இல்லாததால் என்று சொல்ல முடியாது. நாட்டு உற்பத்தியில் 17 சதவீதத்துக்கு மேல் அமெரிக்கா மருத்துவத்துக்குச் செலவழிக்கிறது. ஜெர்மனி, பிரிட்டன், கனடா எல்லாம் 11, 12 சதவீதத்தை ஒட்டித்தான். அப்படியும் 2.5 கோடிப் பேருக்கு மேல் எந்தக் காப்பீடும் இல்லாமல் இருக்கிறார்கள்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சம்பளத்தை உயர்த்தக் கூடாது என்று 1942-இல் அரசு கட்டுப்பாடு போட்டது. ஆள் கிடைக்காத கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீடு கொடுத்து ஆள் பிடித்தன. அந்தக் காப்பீட்டுக்கு வருமான வரி இல்லை என்பது 1954 சட்டத்தில் உறுதியானது. வேலையோடு காப்பீடு ஒட்டிக்கொண்டது இப்படித்தான். போர் முடிந்த கையோடு 1945-இல் அதிபர் ட்ரூமன் தேசியக் காப்பீடு கொண்டுவரப் பார்த்தார். மருத்துவர் சங்கம் முழு மூச்சாக எதிர்த்தது. நல்ல வேலையில் இருந்தவர்களுக்கு ஏற்கெனவே காப்பீடு இருந்ததால் அவர்களிடமிருந்தும் பெரிய அழுத்தம் எழவில்லை.

விடுபட்டவர்களை ஒவ்வொரு பகுதியாகச் சேர்த்தார்கள். 1965-இல் முதியவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட். 2010-இல் ஒபாமா காலச் சட்டம். ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லிக் காப்பீடு மறுக்கக் கூடாது, பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோர் காப்பீட்டில் இருக்கலாம் என்றெல்லாம் அது சொன்னது. மெடிகெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பு சொன்னது. டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற பெரிய மாநிலங்கள் விரிவாக்கவில்லை. அதனால் ஒரே வருமானம் உள்ள இரண்டு ஏழைகளில், கலிஃபோர்னியாவில் இருப்பவருக்குக் காப்பீடு உண்டு, டெக்சாஸில் இருப்பவருக்குக் கிடைக்காமல் போகலாம்.

6. அங்க எமர்ஜென்சின்னு போனா காசு இல்லாட்டி திருப்பி அனுப்பிடுவாங்களா?

அனுப்பக் கூடாது. மெடிகேர் பணம் வாங்கும் மருத்துவமனைகள் அவசரமாக வரும் யாரையும் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்க வேண்டும் என்று 1986 சட்டம் சொல்கிறது. கிட்டத்தட்ட எல்லா மருத்துவமனையும் இதில் அடங்கும். ஆனால் பிறகு பில் வரும். சட்டம் சிகிச்சைக்குத்தான், செலவுக்கு இல்லை.

7. கனடாவில டொக்டருக்குக் காசில்லை, குளிசைக்கு மட்டும் ஏன் காசு?

நல்ல கேள்வி. (குளிசை என்றால் மாத்திரை.) இதற்கும் பதில் வரலாற்றில்தான். கனடாவில் மருத்துவமனைகள் மாகாண அரசின் பொறுப்பு. சஸ்காச்சுவான் மாகாணம் 1947-இல் மருத்துவமனைச் செலவையும், 1962-இல் மருத்துவர் கட்டணத்தையும் பொதுவில் ஏற்றது. அந்த 1962 ஜூலையில் மருத்துவர்கள் மூன்று வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு பின்வாங்கவில்லை. அதைப் பார்த்து மத்திய அரசு 1966-இல் நாடு முழுக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1984-இல் வந்த கனடா சுகாதாரச் சட்டம், நோயாளியிடம் தனியாகக் கட்டணம் வாங்கும் மாகாணங்களுக்கு நிதியைக் குறைப்போம் என்றது.

மருத்துவமனை முதலில், மருத்துவர் அடுத்து, மருந்து அதற்கப்புறம் என்றுதான் திட்டம் இருந்தது. மூன்றாவது படி பல பத்தாண்டு வரவே இல்லை. மருத்துவமனையில் படுத்திருக்கும்போது கொடுக்கும் மருந்துக்குக் காசில்லை, வீட்டுக்கு வாங்கிப் போகும் குளிசைக்கு உண்டு. பலருக்கு வேலையிடக் காப்பீடு அதைப் பார்த்துக்கொள்கிறது. ஒன்டாரியோவில் 65 வயது ஆனவர்களுக்கு மாகாணத் திட்டம் இருக்கிறது. தேசிய மருந்துத் திட்டச் சட்டம் 2024 அக்டோபரில் வந்தது. அதுவும் நீரிழிவு மருந்து, கருத்தடை என்ற இரண்டில்தான் தொடங்குகிறது, மாகாணம் ஒப்பந்தம் போட்டால்தான் அங்கே வரும். முறைசாரா வேலையில் இருக்கும் ஆட்கள்தான் நடுவில் அகப்படுகிறார்கள்.

8. சிங்கப்பூர்ல அவங்கவங்க சேமிப்புலதான் வைத்தியம் பாத்துக்கறாங்க. அதுதானே சரி? கவர்ன்மென்ட் எதுக்கு?

பாதிதான் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். சம்பளத்தில் ஒரு பங்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குப் போகிறது, 1984 முதல். அதை மட்டும் வைத்து ஒரு புற்றுநோய்ச் செலவைச் சமாளிக்க முடியாது என்பது அந்த அரசுக்கே தெரியும். அதனால் 1990-இல் மெடிஷீல்டு என்ற காப்பீடு, 1993-இல் கையில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு மெடிஃபண்டு. 2015-இல் காப்பீட்டைக் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் கட்டாயமாக்கி, ஏற்கெனவே நோய் உள்ளவர்களையும் சேர்த்தார்கள். பெரிய மருத்துவமனைகளில் பெரும்பாலானவை அரசுடையவை. சி வகுப்பு வார்டில் படுத்தால் பில்லில் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. அரசு ஒதுங்கி நிற்கும் முறை என்று இதைச் சொல்லவே முடியாது.

வொர்க் பெர்மிட்டில் போகும் நம் பிள்ளைகளுக்கு இந்த மானியம் எதுவும் கிடையாது. முதலாளி காப்பீடு எடுத்தாக வேண்டும். 2023 ஜூலை முதல் அந்தக் காப்பீடு வருடத்துக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளி, முன்பு 15,000. போகும் முன் இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

9. ஃப்ரீன்னா மாசக்கணக்கா காத்துக்கிடக்கணும். காசு குடுத்தா உடனே ஆவுது. எது தேவலாம்?

இங்கிலாந்தில் காத்திருப்புப் பெரிய பிரச்சினை, மறைக்க வேண்டியதில்லை. குடும்ப மருத்துவர் அனுப்பிய நாளிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. காத்திருப்புப் பட்டியல் 70 லட்சத்தைத் தாண்டியது. கனடாவிலும் நிபுணரைப் பார்க்க மாதங்கள் ஆகும். உயிர்போகும் நெஞ்சுவலிக்கு யாரும் காத்திருக்க வைப்பதில்லை. முழங்கால், இடுப்பு, கண்புரை மாதிரி அறுவை சிகிச்சைகள்தான் நீளும்.

ஆனால் காத்திருப்புக்குக் காரணம் இலவசம் என்று முடிவுகட்டாதீர்கள். 3-ஆம் கேள்வியில் பார்த்த ஜெர்மனியிலும் எல்லாருக்கும் காப்பீடு உண்டு, அங்கே அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு காத்திருப்பு இல்லை. ஆயிரம் பேருக்கு அங்கே ஏறக்குறைய 8 படுக்கை. பிரிட்டனில் 2 முதல் 3. படுக்கைக்கும் ஆளுக்கும் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதுதான் வரிசையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது.

காசு கொடுத்தால் உடனே ஆகிறது என்பது, காசு உள்ளவருக்கு. மூட்டு வலியோடு பத்து வருடம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் பாட்டி நம் ஊரில் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவரும் காத்திருக்கிறார்தான். அவருக்குத் தேதி யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

10. இலங்கையில கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி நல்லா இருக்கும்னு சொல்றாங்களே. அவங்க எப்படிச் செஞ்சாங்க?

சீக்கிரம் தொடங்கினார்கள். 1931-இலேயே ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. 1934-35 மலேரியா கொள்ளைநோயில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். ஓட்டுக் கேட்டுப் போனவரிடம் கிராமத்து மக்கள் ஆஸ்பத்திரி கேட்டார்கள், அதனால் கிராமங்களுக்கு ஆஸ்பத்திரி வந்தது. 1951 முதல் அரசு மருத்துவமனையில் இலவசம். மருத்துவச்சிகள் வீடு வீடாகப் போனார்கள். பலன் கண்ணுக்குத் தெரிகிறது: ஒரு லட்சம் குழந்தை பிறப்புக்குத் தாய் மரணம் அங்கே 30-ஐ ஒட்டி. 2018-20 கணக்குப்படி இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

இந்தப் பெருமையில் ஒரு ஓட்டை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். மலையகத் தோட்டங்களில் மருத்துவம் பல பத்தாண்டு தோட்ட நிர்வாகத்தின் கையில் விடப்பட்டது. நாட்டுக்கே அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த தமிழ்த் தொழிலாளர்களின் லயன்களில் (வரிசை வீடுகளில்) தாய் சேய் நலமும் ஊட்டச்சத்தும் மற்ற இடங்களை விடப் பின்தங்கின. 1948-இல் அவர்களின் குடியுரிமை பறிபோனது, ஓட்டும் போனது. ஓட்டு இருந்த கிராமத்துக்கு வந்தது ஓட்டு இல்லாத தோட்டத்துக்கு வரவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் நாடு முழுக்கவே மருந்துத் தட்டுப்பாடு வந்தது. வரிப்பணத்தை நம்பிய முறைக்கு அரசின் கஜானா காலியானால் அடி விழும்.

11. தாய்லாந்துல 30 பாட் வைத்தியம்னு ஒண்ணு இருக்காமே? அது நம்ம மாதிரி நாடுதானே?

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இதுதான். 2001 தேர்தலில் தக்சின் ஷினவத்ராவின் கட்சி "எந்த நோய்க்கும் 30 பாட்" என்று வாக்குக் கொடுத்து வென்றது. திட்டத்தின் மூளை சங்குவான் நித்யாரம்போங் என்ற கிராமப்புற மருத்துவர். அரசு ஊழியர்களுக்கும் கம்பெனி ஊழியர்களுக்கும் ஏற்கெனவே தனித்தனித் திட்டம் இருந்தது. மீதிப் பேரை, விவசாயி, தள்ளுவண்டிக்காரர் எல்லாரையும், 2002 சட்டம் ஒரே திட்டத்தில் சேர்த்தது. இன்றைக்கு நாலில் மூன்று பேர் அதில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் தலா வருமானத்தோடு ஒப்பிடவே முடியாத நாடு இதைச் செய்தது.

மூன்று காரியம் அதை நிற்க வைத்தது. முதலாவது, அதற்கு முந்தைய இருபது முப்பது வருடத்தில் மாவட்டங்களுக்குள்ளே சிறு வட்டாரங்கள் வரை ஆஸ்பத்திரி கட்டியிருந்தார்கள். படிப்பை முடித்த மருத்துவர் கட்டாயமாக அங்கே வேலை பார்க்க வேண்டும். இரண்டாவது, புறநோயாளிச் சிகிச்சைக்குப் பதிவு செய்த ஆளுக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்குப் பணம் போகிறது, ஊசிக்கு இவ்வளவு ஸ்கேனுக்கு இவ்வளவு என்று இல்லை. தேவையில்லாத ஸ்கேன் எழுத அங்கே ஆசை வராது. மூன்றாவது, காய்ச்சல், சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் சேர்த்தி. பெரிய அறுவை சிகிச்சைக்கு மட்டும் என்று நிறுத்தவில்லை. 2006-இல் அந்த 30 பாட்டையும் எடுத்தார்கள், 2012-இல் ஒரு பகுதிக்குத் திரும்ப வந்தது. ஆட்சிக் கவிழ்ப்புகள் நடந்தன, தக்சின் நாட்டை விட்டே போனார். திட்டம் மட்டும் நிலைத்துவிட்டது.

12. சின்னதா ஒரு கட்டணம் வெச்சா தேவையில்லாம வர்ற கூட்டம் குறையாதா சார்?

கூட்டம் குறையும். எந்தக் கூட்டம் என்பதுதான் கேள்வி. 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தியது. கையிலிருந்து கட்டணம் கட்ட வேண்டியவர்கள் மருத்துவரிடம் குறைவாகப் போனார்கள். ஆனால் தேவையில்லாத சிகிச்சையோடு தேவையான சிகிச்சையையும் சேர்த்தே குறைத்துக்கொண்டார்கள். எது முக்கியம் என்று நோயாளியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஜெர்மனி 2004-இல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10 யூரோ என்று மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் வைத்தது. கூட்டம் பெரிதாகக் குறையவில்லை, வசூலிக்கும் வேலைதான் கூடியது. 2013 தொடங்கும்போது எடுத்துவிட்டார்கள்.

ஜப்பானில் பெரும்பாலானவர்கள் செலவில் 30 சதவீதம் கட்டுகிறார்கள், அங்கே முறை உடையவில்லை. ஏனென்றால் வருமானத்துக்கு ஏற்ப மாத உச்சவரம்பு இருக்கிறது, அதற்கு மேல் போனால் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்கும். கட்டணம் வைக்கிற நாடு இந்த உச்சவரம்பையும் சேர்த்தே வைக்க வேண்டும். முதலாவதை மட்டும் நகல் எடுக்கக் கூடாது.

13. அப்போ நம்ம நாட்டுல என்னதான் முறை? காப்பீட்டு அட்டை இருந்தா போதுமா?

நம் நாட்டில் எல்லா முறையும் துண்டு துண்டாக இருக்கிறது. அரசியல் சட்டப்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனையும் மாநிலப் பட்டியலில். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. என்ற காப்பீடு, ஜெர்மனி மாதிரி: சந்தா தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25. அரசு ஊழியருக்குத் தனித் திட்டம். அரசு மருத்துவமனை பிரிட்டன் மாதிரி. ஏழைகளுக்கு அரசுக் காப்பீடு: தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 முதல் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அட்டை கிடைக்கும்.

அட்டை போதாது. அது படுத்துச் செய்யும் சிகிச்சைக்கு. மாதாமாதம் மருந்துக்கடையில் கொடுக்கிற காசு அதில் வராது, குடும்பத்தை அரிப்பது பெரும்பாலும் அதுதான். 2021-22 தேசியக் கணக்கில், மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் கையிலிருந்து போனது. 2013-14-இல் அது 64.2 ஆக இருந்தது, குறைந்திருக்கிறது என்பது உண்மை. இன்னும் குறைய வேண்டும். அரசுகள் எல்லாம் சேர்ந்து செலவழித்தது நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2017 தேசியக் கொள்கை 2025-க்குள் 2.5 என்று எழுதி வைத்தது.

அதனால் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது: அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை விட்டுவிடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. தாய்லாந்து திட்டத்துக்குள் வைத்ததைத் தமிழ்நாடு வேறு வழியில் செய்யப் பார்க்கிறது.

14. அட்டை இருக்கு, ஆனா ஆஸ்பத்திரியில தனியா காசு கேக்கறாங்க. அது சரியா?

ஏற்ற சிகிச்சைக்குத் திட்டத்தில் ஒரு தொகுப்புத் தொகை உண்டு. அந்தத் தொகைக்குள்தான் அறுவை, மருந்து, சாப்பாடு எல்லாம். சேரும்போதே மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: இந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, இந்த நோய்க்கு இந்த மருத்துவமனைக்கு அனுமதி உண்டா, முன் அனுமதி வந்துவிட்டதா. அனுமதி வரும் முன் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது கஷ்டம். ரசீது இல்லாமல் கேட்டால் கொடுக்காதீர்கள். மாவட்டத் திட்ட அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், 104 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

15. ஒரே மருந்து இங்க ஒரு விலை, அங்க ஒரு விலை. யாரு முடிவு பண்றா?

நாட்டுக்கு நாடு வேறு ஆள். ஜப்பானில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு ஒரே விலை வைக்கிறது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பட்டியலைத் திருத்துகிறது. டோக்கியோவிலும் மலைக்கிராமத்திலும் அதே பட்டியல்தான். பிரிட்டனில் 1999-இல் தொடங்கிய நைஸ் என்ற அமைப்பு, புது மருந்து தரும் பலனுக்கு இந்த விலை தகுமா என்று கணக்குப் போடுகிறது. ஒரு வருட நல்ல ஆயுளுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு என்பது நீண்ட நாள் அவர்கள் வைத்திருந்த எல்லை. கொடூரமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கணக்கு எல்லாரும் பார்க்கும்படி வெளியே இருக்கிறது. கணக்கே போடாத இடத்தில் பணப்பை கணக்குப் போடுகிறது.

இந்தியாவில் 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வந்தது. லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் உருவானது. மாநிலம் முழுக்க வேண்டிய மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு, தரம் பார்த்து, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை மிகவும் குறைவு. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. வெளிநாட்டு உதாரணம் தேடும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

16. அம்மா அப்பாவை அங்கேயே கூட்டிட்டுப் போய் வெச்சுக்கலாம்னு இருக்கேன். அவங்களுக்கு வைத்தியம் கிடைக்குமா?

உங்களுக்கு இருக்கிற உரிமை அவர்களுக்கு வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். சுற்றுலா விசாவில் போனால் எந்த நாட்டிலும் பயணக் காப்பீடுதான் கதி, அதில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு விலக்கு இருக்கும். அமெரிக்காவில் பசுமை அட்டை (கிரீன் கார்டு, நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) வாங்கி வரும் 65 வயதானவர் ஐந்து வருடம் தொடர்ந்து வசித்த பிறகுதான் பணம் கட்டி மெடிகேரில் சேர முடியும். சிங்கப்பூரில் நீண்ட காலப் பயண அனுமதியில் இருக்கும் பெற்றோருக்கு மானியம் கிடையாது. டிக்கெட் போடும் முன் சர்க்கரை, இதய நோய் விவரத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். மறைத்தால் பணம் மறுக்க அதுவே காரணமாகும்.

17. நீங்களே சொல்லுங்க, எது பெஸ்ட்?

இந்தியா மாதிரி, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மாதச் சம்பளமே இல்லாத நாட்டில், ஜெர்மனி முறை எல்லாரையும் எட்டாது. சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் சந்தா எப்படிப் பிடிப்பது? அமெரிக்கா மாதிரி தனியார் காப்பீட்டை நம்பினால் 5-ஆம் பதிலில் சொன்ன கதிதான். தாய்லாந்து வழிதான் நமக்குப் பொருந்தும் என்பது என் கருத்து: வரிப்பணம், வட்டார ஆஸ்பத்திரி, புறநோயாளி மருந்தும் சேர்த்தி. தமிழ்நாட்டுக்கு அதில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. வரிப்பணத்தை மட்டும் நம்பினால் இலங்கையில் 2022-இல் நடந்தது நடக்கலாம் என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அந்த நெருக்கடியிலும் இலங்கை இலவசச் சிகிச்சை முறையைக் கைவிடவில்லை.

18. அரசியல் சட்டத்துல மருத்துவம் உரிமைன்னு எழுதிட்டா எல்லாருக்கும் கிடைச்சிடாதா?

எழுதியும் பார்த்திருக்கிறார்கள். பிரேசிலின் 1988 அரசியல் சட்டம் சுகாதாரம் எல்லாருடைய உரிமை, அரசின் கடமை என்கிறது. அதை வைத்து எல்லாருக்குமான பொது சேவையைக் கட்டினார்கள், பெரிய சாதனை. கூடவே விலை உயர்ந்த மருந்து கேட்டு ஏராளமான வழக்குகளும் வந்தன. வக்கீல் வைக்க முடிந்தவருக்கு முதலில் கிடைக்கும் நிலை அங்கே பெரிய விவாதமானது. பிரிட்டனில் அப்படி எழுதப்பட்ட அரசியல் சட்டமே இல்லை, என்.எச்.எஸ். ஓடுகிறது.

நம் நாட்டில் அடிப்படை உரிமைப் பட்டியலில் மருத்துவம் தனியாக இல்லை. உயிர் வாழும் உரிமையான 21-ஆம் பிரிவிலிருந்து நீதிமன்றங்கள் எடுத்துக் கொடுத்திருக்கின்றன. அரசு மருத்துவராக இருந்தாலும் தனியார் மருத்துவராக இருந்தாலும் அடிபட்டு வருபவருக்கு முதலில் சிகிச்சை, போலீஸ் நடைமுறை அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் சொன்னது. அரசு மருத்துவமனைகள் இடமில்லை என்று அவசர நோயாளியைத் திருப்பியது 21-ஆம் பிரிவை மீறியது என்று 1996-இல் தீர்ப்பளித்தது. ராஜஸ்தான் 2023 மார்ச்சில் மருத்துவ உரிமைச் சட்டமே கொண்டுவந்தது. அவசரச் சிகிச்சைக்கு யார் பணம் தருவது என்பதில் தனியார் மருத்துவர்கள் தெருவில் இறங்கினார்கள்.

தமிழ்நாட்டில் அந்தப் பணக் கேள்விக்குச் சாலை விபத்துக்கு மட்டும் ஒரு பதில் இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்கு அடிபட்டவரைக் கொண்டுபோனால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டும். காப்பீட்டு அட்டை வேண்டாம், வேறு மாநிலத்தவராகவோ வெளிநாட்டவராகவோ இருந்தாலும் சரி. முன்பணம் கேட்டால் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.